பூனைக்கு நம் பாக்கெட் தீனி ஆகுமா?

எங்கள் அடுக்ககத்தில் பூனை வளர்க்கிறவர்கள் சில வீட்டார்தான். படிக்கட்டுப் பூனைகளுக்கு ஏதாவது வைக்கிறவர்கள் அதைவிட அதிகம். பூனை விஷயம் என்றால் எல்லோரும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கேள்வியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்கன் சாசேஜ் கொடுக்கலாமா, சீஸ் ஆகுமா, டின் மீன் பரவாயில்லையா, குழந்தை மிச்சம் வைத்த நக்கெட்ஸைப் போடலாமா?

சுருக்கமான பதில் இது. சிலவற்றைத் துளியளவு கொடுத்தால் ஒன்றும் ஆகாது. சிலவற்றைத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. எதையும் அன்றாடச் சாப்பாடாக வைக்கக் கூடாது. எது எந்த வகை என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கப் படம் சொல்லாது, பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் சொல்லும். நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் வெள்ளச்சி.

வெள்ளச்சி எங்கள் வீட்டுப் பூனை. பெயருக்கேற்ற வெள்ளை, வாலில் மட்டும் செம்பட்டை. போன மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துவிட்டால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் அது சாப்பிடாது. அந்த நேரம் பார்த்து நான் கும்பகோணம் போக வேண்டி வந்தது. மாடி வீட்டு அக்கா தானாக முன்வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடியே மருந்தை வேளை தவறாமல் கொடுத்தார், மூக்கை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துவிட்டார். தட்டில் வைத்த தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் அவள் படுத்துக் கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல், பாக்கெட் சிக்கன் சூப்பைக் கரைத்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஊசி இல்லாத சிரிஞ்சில் காலையும் மாலையும் ஊட்டினார். அந்த வாசனைக்கு வெள்ளச்சி எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் கிண்ணத்தில் வைத்தாலே நக்கிக் குடிக்க ஆரம்பித்தாள்.

நான் திரும்பி வந்தபோது சளி குறைந்திருந்தது. ஆனால் அவள் குளியலறைத் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. அவள் கழிவு போகும் மண் தட்டில் சிறுநீர் பட்ட இடம் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறி, லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. வெள்ளைப் பூனை என்பதால் காதின் உட்புறத்திலும் அந்த மஞ்சள் நன்றாகவே தெரிந்தது.

க்ளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 14 சதவீதம். நல்ல பூனைக்கு அது பொதுவாக 30-லிருந்து 45 வரை இருக்கும். டாக்டர் ஒரு ஸ்லைடில் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார், பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான அணுக்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஓரத்தில் கருநீலமாக ஒரு சின்னப் புடைப்பு. "இதுக்குப் பேரு ஹைன்ஸ் பாடிம்மா. வெங்காயம், பூண்டு ஏதாவது சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தட்டில் அதையெல்லாம் வைப்பதே கிடையாது. கூட வந்திருந்த அக்கா, "சூப்பு மட்டும்தான் டாக்டர் குடுத்தேன், சிக்கன் சூப்பு" என்றார். அவர் மகன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். சோள மாவு, உப்பு, சர்க்கரை, அடுத்தது வெங்காயப் பொடி. சற்றுக் கீழே பூண்டுப் பொடி. கோழி இறைச்சி அதற்கும் கீழே இருந்தது. நம் நாட்டு லேபிள்களில் சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் அந்தச் சிக்கன் சூப்பில் கோழியைவிட வெங்காயம்தான் அதிகம்.

ஆக்சிஜன் கூண்டில் வைத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் ஏற்றவும் தயாராக இருந்தார்கள். பூனைக்கும் ஏ, பி என்று ரத்த வகைகள் உண்டு, வகை மாறி ஏற்றினால் அதுவே உயிருக்கு ஆபத்து. அதனால் தெரிந்தவர் வீட்டுப் பூனையைக் கொண்டுவந்து பொருத்தமும் பார்த்து வைத்தார்கள். நல்லவேளை, சூப் நின்றதும் புதுச் சிவப்பணுக்கள் உருவாக ஆரம்பித்துவிட்டன, ரத்தம் ஏற்றாமலேயே தேறினாள். அக்கா க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "காரம்கூட இல்லையேம்மா அதுல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் கிடையாது. முன்பக்கத்தில் கோழிப் படம் போட்ட பாக்கெட் அது. பூனைக்குக் கோழி பிடிக்கும் என்று உலகத்துக்கே தெரியும்.

வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. சிதைந்தது அணுவின் ஓரத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்த புடைப்பு அதுதான். கட்டி விழுந்த அணு சீக்கிரமே உடைந்துபோகும். பூனையின் ஹீமோகுளோபினில் இப்படித் தாக்குதலுக்கு ஆளாகும் இடங்கள் 8, நாய்க்கு 4, மனிதனுக்கு 2. போதாக்குறைக்கு, கெட்டுப்போன அணுக்களைச் சுத்தம் செய்வதில் பூனையின் மண்ணீரல் மெத்தனம். அதனால் நாம் சாம்பாரில் அள்ளிப் போட்டுச் சாப்பிடும் வெங்காயம் அதற்கு நஞ்சாகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே பாதிப்பு வரும் என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பொடியாக்கினால் தண்ணீர் போய்ச் சத்து மட்டும் மிஞ்சுவதால் அதே கெடுதலுக்கு ஒரு டீஸ்பூன்கூடத் தேவைப்படாது. பூண்டு வெங்காயத்தைவிட வீரியம் கூடியது. வேகவைத்தாலும் வறுத்தாலும் பொடித்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரே நாளில் நிறையத் தின்றால்தான் என்றும் இல்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனாலும் சேர்ந்து சேர்ந்து அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். வெள்ளச்சிக்கு நடந்தது அதுதான். நோய்ப்பட்ட பூனைக்கு மென்மையாக இருக்கட்டும் என்று குழந்தைகளுக்கான இறைச்சிக் கூழை ஊட்டி, அதிலிருந்த வெங்காயப் பொடியால் பூனைகளுக்கு இதே பாதிப்பு வந்தது வெளிநாடுகளில் பதிவாகியிருக்கிறது.

இப்போது நம் கடையில் கிடைக்கும் சாசேஜ், சலாமி, நக்கெட்ஸ், பர்கர் பாட்டி, சூப் பொடி, நூடுல்ஸ் மசாலா, மசாலா சிப்ஸ் ஆகியவற்றின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ இருக்கும். சிலவற்றில் பெயர் சொல்லாமல் 'மசாலாப் பொருட்கள்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் நான் வெங்காயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். சாசேஜ் கேள்விக்கு நான் 'வேண்டாம்' என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

"நாம சாப்பிடுறதுதானே, கவர்ன்மென்ட்டே பர்மிஷன் குடுத்திருக்கே" என்று கீழ்வீட்டு சார் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அனுமதி மனித உடம்பைப் பார்த்துக் கொடுத்தது. இதைப் புரிந்துகொள்ள புரோப்பிலீன் கிளைக்கால் கதை ஒன்றே போதும். ஈரப்பதம் காக்கவும் வாசனை எசன்ஸ்களைக் கரைக்கவும் பயன்படும் பொருள் இது, உணவுச் சேர்ப்பு எண் 1520. ஒரு காலத்தில் மென்மையான பூனைத் தீனிகளிலும் இதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். தின்ற பூனைகளின் ரத்தத்தில் ஹைன்ஸ் பாடிகள் பெருகுவதும் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதும் தெரியவந்தது. 1996-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பூனைத் தீனியில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டது. மனித உணவில் அது இன்றைக்கும் அனுமதிக்கப்பட்ட பொருள். இரண்டு தீர்ப்பும் சரிதான், உடம்புதான் வேறு. கேக் க்ரீமை ஒரு தடவை நக்கியதால் பூனை செத்துவிடாது. ஆனால் 'மனிதனுக்கு நல்லது, பூனைக்கும் நல்லது' என்ற கணக்கு அடியிலேயே தப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பூனையின் கல்லீரலிலேயே ஒரு குறை இருக்கிறது. நம் கல்லீரல் பல வேதிப்பொருட்களோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து நீரில் கரையும்படி செய்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்று இல்லை, அதற்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது. காட்டில் எலியும் பறவையும் தின்று வாழ்ந்த உடம்புக்குச் செடி நஞ்சுகளை உடைக்கும் தேவை இருந்ததில்லை. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் இதுதான் காரணம். காய்ச்சல் என்று நினைத்து அதில் கால் மாத்திரைகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

பதப்படுத்தும் பொருட்களில் பென்சாயிக் அமில வகைகளையும் (210, 211) பூனையின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். நம் ஊர்த் தக்காளி சாஸ், ஊறுகாய், ஜூஸ் பாட்டில்களில் 211 சர்வசாதாரணம். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பென்சாயிக் அமிலம் சேர்த்த இறைச்சியைத் தின்ற பூனைகள் நஞ்சேறிப் பாதிக்கப்பட்டன. உடம்பு நடுங்குவது, தொட்டாலே வெறிகொண்டு சீறுவது எல்லாம் அந்த நஞ்சின் அறிகுறிகள். சல்ஃபைட் வகைகள் (220-லிருந்து 228 வரை) வேறு விதமாகக் கெடுதல் செய்யும். அவை இறைச்சியில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமினை அழித்துவிடும். ஆஸ்திரேலியாவில் சல்ஃபைட் போட்ட இறைச்சியைத் தொடர்ந்து தின்ற பூனைகளுக்குத் தயமின் குறைந்து கழுத்து தொங்கிப்போனது, நடை தள்ளாடியது, வலிப்பு வந்தது. இந்த எண்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. என் போனில் ஒரு குறிப்பாக வைத்திருக்கிறேன், கடையில் நின்று பார்க்க அது போதும்.

சரி, இவ்வளவு கெடுதல் என்றால் பூனை ஏன் நூடுல்ஸ் தட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது? சிப்ஸ் பாக்கெட் சரசரத்தால் ஏன் ஓடி வருகிறது? கல்லூரிக்குப் போகும் எதிர்வீட்டுப் பையன், "ஆன்ட்டி, அதுக்குத் தேவைன்னா அதுவே சாப்பிடும், வேணாம்னா விட்டுடும்" என்று சொல்வான். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். பூனைக்கு இனிப்பே தெரியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் பழுதுபட்டிருப்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-ல் வெளியிட்டார்கள். ஐஸ்கிரீமுக்கு அது வருவது கொழுப்பின் வாசனைக்குத்தான். அதேசமயம் இறைச்சி, மீன் ஆகியவற்றின் சாறுச் சுவையை அது மிகக் கூர்மையாக உணரும். 2023-ல் வந்த ஒரு ஆய்வு, இனோசினேட் வகைப் பொருளும் சில அமினோ அமிலங்களும் சேர்ந்தால் பூனையின் நாக்கு அதற்கு மயங்குகிறது என்றும், டூனா மீனில் இந்த இரண்டுமே நிறைய இருக்கின்றன என்றும் காட்டியது. நூடுல்ஸ் மசாலாவிலும் சூப் பொடியிலும் சிப்ஸிலும் சுவைகூட்டி 631 என்று போட்டிருக்கிறதே, அது அந்த இனோசினேட்தான். பூனைக்கு மீனும் கறியும் இருப்பதாகத் தகவல் போகிறது, உள்ளே இருப்பதோ மைதாவும் பாமாயிலும் உப்பும். வெள்ளச்சி சூப்புக்கு எழுந்து உட்கார்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆசையாகச் சாப்பிடுகிறது என்பது ஒரு உணவு நல்லது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

உப்பைப் பற்றி நிறையப் பேர் மிகையாகப் பயமுறுத்துகிறார்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய சோடியம் சுமார் 40 மில்லிகிராம். ஒரு சிக்கன் சாசேஜில் 200-லிருந்து 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு பாக்கெட் இன்ஸ்டன்ட் நூடுல்ஸில் 600-லிருந்து 1000 வரை இருக்கும். நல்ல ஆரோக்கியத்தோடு, தண்ணீரும் தாராளமாகக் குடிக்கும் பூனை ஒரு நாள் கூடுதல் உப்பைச் சமாளித்துவிடும். சிக்கல் வயதான பூனைகளுக்குத்தான். பூனைகளுக்கு முதுமையில் சிறுநீரகம் பழுதாவது மிகவும் சகஜம், வெளியே தெரியும்போது பெரும்பகுதி போயிருக்கும். குட்டிகளுக்கும், தண்ணீர்க் கிண்ணம் வைக்காத இடத்துத் தெருப் பூனைகளுக்கும் உப்பு கடினம். கருவாட்டுக்கும் இதே நியாயம்தான். பாட்டி காலத்திலிருந்து போடுகிறோம் என்பார்கள். கருவாட்டைப் பாக்கெட்டில் போட்டு விற்காவிட்டாலும் அதுவும் உப்பில் பதப்படுத்திய உணவுதான். நான் போடுவதில்லை. கேட்பவர்களிடம், கட்டாயம் போடத்தான் வேண்டுமென்றால் ஒரு சின்னத் துண்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை நீரை மாற்றி, முள் எடுத்துப் போடுங்கள் என்பேன்.

டின் மீன் கேள்விதான் அதிகம் வருகிறது. நமக்கான டூனா டின்னில் எண்ணெயில் போட்டது, உப்பு நீரில் போட்டது, வெறும் தண்ணீரில் போட்டது என்று வகைகள் உண்டு. மூன்றாவது வகையில் உப்புச் சேர்க்காதது கிடைத்தால், ஒரு டீஸ்பூன் எப்போதாவது தரலாம். எண்ணெய் டின்னைத் தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்துபோய், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அழன்று மஞ்சளாகும் ஒரு நோய் வரும். அப்போது தூக்கினாலே வலியில் கத்தும். டூனா பெரிய மீன் என்பதால் பாதரசமும் அதில் சேர்ந்திருக்கும். இன்னொரு சங்கடம், டூனாவுக்குப் பழகிய பூனை மற்றதை ஒதுக்க ஆரம்பிக்கும். ஒதுக்கினால் ஒதுக்கட்டும், பசித்தால் வரும் என்று விட முடியாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சீஸ் துண்டு பற்றி ஒரு கணக்கு. 4 கிலோ வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200-லிருந்து 250 கலோரி போதும். 20 கிராம் சீஸ் ஸ்லைஸ் ஒன்றில் சுமார் 60 கலோரி. ஒரே ஸ்லைஸில் அதன் ஒரு நாள் தேவையில் கால் பங்கு போய்விடுகிறது. தின்பண்டம் என்று எது கொடுத்தாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதுதான் டாக்டர்கள் சொல்வது. ஆகவே சுண்டுவிரல் நகம் அளவு சீஸ், மாத்திரையை ஒளித்துக் கொடுக்க என்றால் சரி. பூண்டு, மூலிகை கலந்த சீஸ் வகைகள் அதற்கும் ஆகாது. பிஸ்கட், பன், ரஸ்க் நஞ்சல்ல, ஆனால் வயிற்றை மட்டும் நிரப்பிச் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

எனக்கு உள்ளபடியே வருத்தம் தருவது வேறொன்று. எங்கள் அடுக்ககத்திலேயே சுத்த சைவக் குடும்பங்களில் பூனை வளர்க்கிறார்கள். தயிர்சாதமும் பிஸ்கட்டும்தான் அதன் சாப்பாடு. எங்கள் பாட்டி வீட்டுப் பூனையும் தயிர்சாதம் தின்றுதான் நல்லா இருந்தது என்று சொல்வார்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பூனைக்குக் கொல்லைப்புறம் இருந்தது, பரண் இருந்தது, நெல்மூட்டை இருந்தது. எலியும் பல்லியும் அணிலும் பிடித்துத் தன் தேவையை அதுவே பார்த்துக்கொண்டது, தயிர்சாதம் அதற்கு மேல் கிடைத்தது. மூன்றாம் மாடியில் கம்பி வலை அடித்த பால்கனியோடு வாழும் பூனைக்கு நாம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தானாகச் செய்துகொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் தளர்ந்து பெரிதாகிவிடும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர் பால் பையானும் அவர் குழுவினரும் 1987-ல் வெளியிட்டார்கள். அப்போது நோய்வாய்ப்பட்டிருந்தவை கடையில் வாங்கிய பூனைத் தீனியைத் தின்ற பூனைகள். அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் தீனியில் டாரினைக் கூட்டினார்கள். பூனைக்கென்றே செய்த தீனியிலேயே இப்படி ஒரு பிசகு இருந்தது என்றால், பூனையை மனதில் வைக்காமல் செய்த பிஸ்கட்டிலும் நூடுல்ஸிலும் என்ன இருக்கும்? சைவமாக இருப்பவர்களை நான் வற்புறுத்துவதில்லை. வீட்டில் கறி சமைக்க முடியாது என்றால், 'முழுமையான, சமச்சீரான உணவு' என்று போட்ட பூனைத் தீனியை வாங்கி வையுங்கள், கையில் படாமலே வைத்துவிடலாம் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள்.

மறுபக்கம், பாக்கெட்டே வேண்டாம் என்று எலும்பில்லாத வேகவைத்த கோழியை மட்டுமே கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் முழுச் சாப்பாடு ஆகாது, இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து, குதித்தாலே முறியும்.

எங்கள் வீட்டு நடைமுறை சிக்கலானதல்ல. அடிப்படை பூனைத் தீனிதான், உலர்ந்ததும் ஈரமானதும் மாற்றி மாற்றி. ஞாயிற்றுக்கிழமை கோழியோ மீனோ சமைக்கும்போது, மஞ்சள் உப்பு போடுவதற்கு முன்பே இரண்டு துண்டு எடுத்துத் தனிச் சட்டியில் தண்ணீரில் வேகவைத்துவிடுவேன். தாளித்த பிறகு கழுவிப் போடலாம் என்பது வேலைக்காகாது, வெங்காயச் சாறு கறிக்குள் ஏறிவிடும். கறி ஆறியதும் விரலால் உதிர்த்து எலும்பு, முள் இல்லை என்று பார்த்துத்தான் வைப்பேன். எப்போதாவது நன்றாக வெந்த முட்டை ஒரு துண்டு வைப்பேன், அரைவேக்காட்டு முட்டை கிடையாது. பால் கிடையாது. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்குதான் வரும். குப்பைக் கூடைக்கு மூடி போட்டு வைத்தேன். சாசேஜின் பிளாஸ்டிக் உறை, கறி கட்டி வந்த நூல், அலுமினியத் தாள் எல்லாம் கறி வாசனைக்காகப் பூனையின் வயிற்றுக்குள் போய்க் குடலை அடைக்கும்.

படிக்கட்டுப் பூனைகள் விஷயத்தில் தனியாக முயன்று பயனில்லை. ஒருவர் நல்லது வைக்க, இன்னொருவர் மிச்சமிருந்த மஞ்சூரியனைப் போடுவார். வாட்ச்மேன் அண்ணனிடம் பேசி, கீழே ஒரு மூலையில் ஒரு தண்ணீர்ச் சட்டியும் ஒரு தீனிக் கிண்ணமும் வைத்தோம். தீனி மூட்டைக்கு நாலைந்து வீடுகள் பங்கு போடுகின்றன. ஏதாவது வைக்க ஆசைப்படும் குழந்தைகளிடம் கையளவு உலர் தீனியைக் கொடுத்துவிடுவோம், சிப்ஸ் அவர்கள் வாயோடு நின்றது. வெள்ளச்சிக்கு நடந்ததை மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னவர் மாடி வீட்டு அக்காதான். நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அவ்வளவு ஏறியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு உங்கள் பூனை வெங்காயம் சேர்ந்த எதையாவது தின்றுவிட்டால், முதலில் பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள். எவ்வளவு போயிருக்கும், எப்போது போனது என்று எழுதிக்கொள்ளுங்கள். உப்புக் கரைசலோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இரண்டுமே பூனைக்குக் கேடு. பெராக்சைடு வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் அவரே பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க முடியும். சென்னையில் இருப்பவர்களுக்கு அருகில் யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்குப் பூனை துள்ளி விளையாடுகிறது என்று பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். ரத்தச் சிதைவு வெளியே தெரிய சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் காலையும் மாலையும் ஈறின் நிறத்தையும் மண் தட்டில் சிறுநீரின் நிறத்தையும் பாருங்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.